பிரிந்தே வளர்ந்த இரண்டு யூத இயக்கங்கள் ஒன்றாவது எப்படி? பிரித்தானிய முற்போக்கு யூத இணைப்பு குறித்து

நெடுவழி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மதங்களின் வரலாற்றில் பிளவுகளின் கதை பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது; பிரிந்து நின்றவை மனமொத்துக் கூடிய கதை அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. அப்படி ஒன்று நம் கண்முன்னே நடந்திருப்பதால் அதைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

பிரித்தானியாவில் மரபுவழி யூதத்துக்கு வெளியே இரண்டு பெரிய இயக்கங்கள் நெடுங்காலமாக இருந்து வந்தன. ஒன்று சீர்திருத்த யூதம். மற்றொன்று லிபரல் யூதம். இரண்டுமே பெண்களை ரபிகளாக, அதாவது யூத சமயகுருக்களாக, ஏற்றுக்கொண்டவை. ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்ந்து வழிபடுபவை. வேதச் சட்டங்களைக் காலத்தோடு சேர்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்று நம்புபவை. ஆயினும் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் பிரார்த்தனை நூல், தனித்தனி விதிகள் என்றே அவை இயங்கின. 2023 ஏப்ரலில் இரண்டும் ஒரே இயக்கமாக விரும்புவதாக அறிவித்தன. 2025 மே மாதத்தில் இரு தரப்புச் சபைகளும் வாக்களித்து அதற்கு ஒப்புதல் தந்தன. புதிய அமைப்பின் பெயர் 'முற்போக்கு யூத இயக்கம்'. ஏறத்தாழ 80 சபைகள் இதில் அடங்கும். ஜெப ஆலயம் ஒன்றில் உறுப்பினராக இருக்கும் பிரித்தானிய யூதர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் இதன் குடையின்கீழ் வருகிறார்கள். லிபரல் தரப்பின் ரபி சார்லி பகின்ஸ்கியும் சீர்திருத்தத் தரப்பின் ரபி ஜாஷ் லெவியும் இணைந்து தலைமை ஏற்று இதை நடத்தி வந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, இவ்வளவு ஒத்துப்போகும் இருவர் ஏன் இத்தனை காலம் பிரிந்திருந்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. வரலாறு அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாமரைக்குளம் எழுதியது:

நெடுவழி அவர்களே, நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஓய்வு பெறும்வரை வரலாறு கற்பித்தவள் என்பதால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு இயக்கங்களும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது சரியல்ல. இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக நடப்பட்ட இரண்டு மரங்கள். சீர்திருத்தத் தரப்பின் முதல் சபை 1840இல் லண்டனில் தோன்றியது. அங்கே அக்காலத்தில் ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்களுக்கு ஒரு மரபும், ஜெர்மனி, போலந்து வழிவந்த அஷ்கெனாசி யூதர்களுக்கு வேறு ஒரு மரபும் இருந்தன. வழிபாட்டு முறையும் எபிரேய உச்சரிப்பும்கூட வேறு வேறு. வசதி படைத்த குடும்பங்கள் நகரின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, ஓய்வுநாளான சனிக்கிழமையில் வண்டி ஏறக்கூடாது என்ற விதியின்படி கிழக்கே இருந்த ஆலயத்துக்கு நடந்தே போகவேண்டி வந்தது. அருகில் கிளை ஆலயம் கட்டிக்கொள்ளவோ செபார்டி சபையின் பழைய விதி இடம் தரவில்லை. வழிபாட்டை ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற விருப்பமும் இதனோடு சேர, 24 பேர் கூடித் தனிச் சபை அமைத்தார்கள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'பிரித்தானிய யூதர்களின் மேற்கு லண்டன் ஜெப ஆலயம்'. செபார்டி என்றோ அஷ்கெனாசி என்றோ அதில் இல்லை. பிரித்தானிய யூதர் என்று மட்டுமே இருந்தது. இரு மரபினரும் ஒரே கூரையின்கீழ் அமர்வதற்காகத் தேர்ந்த பெயர் அது. பிளவு என்று தூற்றப்பட்ட இச்செயலே ஓர் இணைப்பாகத்தான் தொடங்கியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1842இல் ஆலயம் திறக்கப்பட்டபோது மரபுவழித் தலைமை அவர்களையும், அவர்கள் அச்சிட்ட பிரார்த்தனை நூலையும் விலக்கி வைத்தது. டேவிட் வுல்ஃப் மார்க்ஸ் அதன் முதல் சமயகுருவாக இருந்தார். பின்னர் மான்செஸ்டரிலும் பிராட்ஃபோர்டிலும் இத்தகைய சபைகள் எழுந்தன. ஆனால் அவற்றுக்கெனப் பொது அமைப்பு ஒன்று ஏற்பட்டது 1942இல்தான். அதுவரை அவை தனித்தனியாகவே இருந்தன.

கல்மரம் எழுதியது:

அம்மா, மிக விரிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவோடு வைக்கிறேன். இந்த இணைப்பில் இறையியலைத் தேடுவதைவிடக் கணக்குப் புத்தகத்தைத் தேடுவதுதான் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிரித்தானியாவில் எந்த மதத்தை எடுத்தாலும் நடுவண் அமைப்புகளுக்குச் சந்தா செலுத்துவோர் குறைந்துகொண்டே போகிறார்கள். இளைஞர் முகாம், ஆசிரியர் பயிற்சி, அரசோடு பேசுவதற்கான ஆள் என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்திருப்பது வீண் செலவு. 1980களிலும் இவ்விரண்டும் இணைவதற்குப் பேசின, பேச்சு முறிந்தது. அப்போது முறிந்ததற்குக் காரணமாக இருந்த கொள்கை வேறுபாடுகள் இப்போது மறைந்துவிட்டனவா? மறையவில்லை என்றால், வேறுபாடுகளைத் துணிபோட்டு மூடிவிட்டு மேலே பெயர்ப்பலகையை மாட்டியதாகத்தானே ஆகும்?

தாமரைக்குளம் எழுதியது:

கல்மரம், உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லவேண்டும் என்றால் லிபரல் தரப்பின் தொடக்கத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

அதன் தாய் ஒரு பெண்மணி: லில்லி மாண்டேகு. 1873இல் பிறந்தவர். அவருடைய தந்தை சாமுவேல் மாண்டேகு பெரும் வங்கியாளர், மரபில் ஊறியவர், லண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடியேறிகளின் சிறு வழிபாட்டுக் கூடங்களை 1887இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்தவர். மகள் இருபது வயதிலேயே உழைக்கும் பெண்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார். தையற்கூடங்களில் சனிக்கிழமையும் வேலை செய்தே ஆகவேண்டிய அந்தப் பெண்களுக்கு, சனிக்கிழமை காலையில் எபிரேயத்தில் மட்டுமே நடக்கும் வழிபாட்டால் என்ன பயன் என்று அவர் யோசித்தார். 1899இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். 1902இல் அறிஞர் கிளாட் மாண்டிபியோரையும் சேர்த்துக்கொண்டு 'யூத சமய ஒன்றியம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் வழிபாடு அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள், மேரிலபோன் பகுதியில் ஒரு விடுதியின் கூடத்தில், சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. ஆணும் பெண்ணும் கலந்து அமர்ந்தார்கள். பிரார்த்தனையின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது.

இங்கேயும் பெயரைப் பாருங்கள். தனிச் சபை என்று அவர் பெயர் வைக்கவில்லை. ஒன்றியம் என்றே வைத்தார். எந்த ஆலயத்தைச் சேர்ந்தவரும் தம் இடத்தை விடாமல் வந்துபோகலாம் என்பதே எண்ணம். முதற்குழுவில் மரபுவழிச் சமயகுருக்கள் சிலரும் இருந்தார்கள். தலைமை ரபியின் எதிர்ப்பு வலுத்தபின் விலகிக்கொண்டார்கள்.

கல்மரம் கேட்டதற்கு வருகிறேன். 1903இல் மேற்கு லண்டன் ஆலயம், அதாவது சீர்திருத்தத் தரப்பு, 'எங்கள் கட்டடத்திலேயே வழிபாடு நடத்திக்கொள்ளுங்கள்' என்று ஒன்றியத்துக்கு இடம் தர முன்வந்தது. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனியே அமரவேண்டும் என்பது உட்படச் சில நிபந்தனைகளை விதித்தது. ஒன்றியம் அதை ஏற்கவில்லை. மாண்டிபியோர் அந்த ஆலயத்தின் உறுப்பினராகவே இருந்தும் இது கூடவில்லை. இரு இயக்கங்களும் ஒன்றாகும் முதல் வாய்ப்பு இருக்கை வரிசையில் நின்றுபோனது என்றே நான் படிக்கிறேன். 1911இல் லிபரல் யூத ஆலயம் தனியாக அமைந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் பயின்ற ரபி இஸ்ரேல் மேட்டக் அதற்கு வந்து சேர்ந்தார். அப்புறம் இரண்டு பாதைகள்தாம்.

வடலண்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினேழு ஆண்டுகளாக வடக்கு லண்டனில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி லிபரல் சபை ஒன்றின் உறுப்பினர். நான் அவரை ஆன்ட்டி என்றுதான் அழைப்பேன். அவர் அழைத்ததன்பேரில் வெள்ளிக்கிழமை மாலை வழிபாடுகளுக்குச் சில முறை போயிருக்கிறேன். நான் நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகைக்கு எடுத்த ஒரு சமூகக் கூடத்தில்தான் கூடுகிறார்கள். யூத வேதமான தோராவின் சுருளை வைக்கும் பேழை, சக்கரம் பொருத்திய மர அலமாரி. வழிபாடு முடிந்ததும் அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பூட்டிவிடுகிறார்கள். வெல்வெட் உறையைக் கழற்றி அந்தச் சுருளை எனக்குக் காட்டினார்கள். அதன் மரத்தண்டில் சிறிய உலோகத் தகடு ஒன்றில் ஓர் எண் பொறித்திருந்தது. நாஜிகளால் அழிக்கப்பட்ட செக் நாட்டுச் சபைகளின் சுருள்கள் 1,564, பிராக் நகரில் கிடந்து, 1964இல் லண்டனுக்கு லாரிகளில் வந்துசேர்ந்தனவாம். பழுதுபார்த்து உலகமெங்கும் சபைகளுக்கு அவற்றை இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். 'இது எங்களுடையது அல்ல, நாங்கள் காப்பாளர்கள் மட்டுமே' என்று ஆன்ட்டி சொன்னார். சீர்திருத்தச் சபைகள் பலவற்றிலும் இதே எண் பொறித்த சுருள்கள் இருக்கின்றன.

பிரார்த்தனை நூலைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 'எங்கள் பிதாக்களாகிய ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் தேவனே' என்று மரபு வழிபாட்டில் வரும் இடத்தில், சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகிய அன்னையரின் பெயர்களும் வருகின்றன. ஆன்ட்டி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டி, தாம் சிறுமியாக இருந்தபோது இந்த நான்கு பெயர்களும் நூலில் இல்லை என்றார். லிபரல் தரப்பு 1995இல் வெளியிட்ட நூலிலேயே இறைவனை ஆண்பாலில் மட்டும் விளிப்பதைத் தவிர்த்துவிட்டது. சீர்திருத்தத் தரப்பின் 2008ஆம் ஆண்டு நூலும் அதே திசையில் நடந்தது. நூல் வேறு, அட்டை வேறு, ஆனால் உள்ளே நடந்த திருத்தம் ஏறத்தாழ ஒன்றுதான்.

கல்மரம் எழுதியது:

வடலண்டன்வாசி, நேரில் கண்டதை எழுதியமைக்கு நன்றி. தகடு பற்றிய செய்தி மனதைத் தொட்டது. ஆனாலும் நூலின் சொற்கள் நெருங்கிவிட்டதால் சட்டம் நெருங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. யார் யூதர் என்ற கேள்வியில் இரு தரப்பும் ஒன்றா? திருமண முறிவில் ஒன்றா? இவை வழிபாட்டு அழகைப் போன்றவை அல்ல. ஒரு குழந்தையை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா என்ற கேள்விகள்.

மறைவாசகன் எழுதியது:

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கல்மரம் ஐயா எழுப்பியிருப்பதுதான் இந்த விவாதத்தின் முதுகெலும்பு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பிறப்புரிமை. மரபுவழி யூதத்தில் தாய் யூதராக இருந்தால்தான் குழந்தை யூதர். தந்தை மட்டும் யூதர் என்றால் அக்குழந்தை முறைப்படி மதம் மாறவேண்டும். லிபரல் தரப்பு 1950களிலேயே இதைக் கைவிட்டது: பெற்றோரில் எவர் ஒருவர் யூதராக இருந்தாலும், குழந்தை யூதராக வளர்க்கப்பட்டால் போதும். அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் இம்முடிவுக்கு 1983இல் வந்தார்கள். பிரித்தானியச் சீர்திருத்தத் தரப்போ தாய்வழியையே பிடித்துக்கொண்டிருந்தது. 2015இல்தான் அவர்களுடைய ரபிகள் அவை, தந்தைவழிப் பிள்ளைகளையும் தனித்தனியே ஆராய்ந்து ஏற்கும் வழியைத் திறந்தது. ஆக, 1980களில் இருந்த இடைவெளி வேறு, 2023இல் இருந்த இடைவெளி வேறு.

இரண்டாவது, மண முறிவு. உபாகமத்தில் 'தள்ளுதலின் சீட்டு' என்று நம் வேதாகமம் சொல்கிறதே, அதுதான் எபிரேயத்தில் 'கெட்' எனப்படும் ஆவணம். கணவன் அதை எழுதி மனைவியின் கையில் கொடுத்தால்தான் மணம் முறிந்ததாகும். கணவன் மறுத்தால், நீதிமன்றம் விவாகரத்து வழங்கிய பின்னும் அந்தப் பெண் சமய முறையில் மறுமணம் செய்ய முடியாது. அப்படிக் கட்டுண்டு கிடப்பவளுக்கு 'அகுனா' என்றே ஒரு சொல் இருக்கிறது. நங்கூரமிடப்பட்டவள் என்று பொருள். லிபரல் தரப்பு, நாட்டுச் சட்டப்படியான விவாகரத்தே போதும் என்று சொல்லிச் சீட்டையே விட்டுவிட்டது. சீர்திருத்தத் தரப்பு, சீட்டு வழங்கும் சமய மன்றம் ஒன்றை 1948 முதல் நடத்தி வருகிறது. மரபோடு முற்றாகத் தொடர்பை அறுத்துக்கொள்ளாமல், ஆனால் பெண்ணை நட்டாற்றில் விடாமல் ஒரு வழி காண்பது அவர்களுடைய நோக்கம். இந்த வேறுபாடு உண்மையானது. இரண்டு பக்கமும் மனச்சான்றுக்கு நேர்மையான காரணம் இருக்கிறது.

மூன்றாவது, கலப்பு மணம். யூதர் அல்லாத துணையோடு நடக்கும் திருமணத்தை யூத மணவிதானத்தின்கீழ் நடத்தலாம் என்று லிபரல் தரப்பு 2020இல் முடிவெடுத்தது. சீர்திருத்த ரபிகள் அவ்வளவு தூரம் வரவில்லை.

இத்தனையும் இருக்க எப்படி இணைந்தார்கள் என்றால், இவற்றைத் தீர்த்துவிட்டு இணையவில்லை என்பதே விடை. ஒவ்வொரு சபையும் தன் வழிபாட்டு முறையையும் பழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்ற அடிப்படையில்தான் இணைந்தார்கள். இதைத் துணிபோட்டு மூடுவது என்று நான் சொல்லமாட்டேன். வேறுபாட்டை அடக்கி ஆளும் அதிகாரத்தை நடுவண் அமைப்புக்குத் தராமல் இருப்பது ஒரு கொள்கை முடிவு.

கல்மரம் எழுதியது:

மறைவாசகன் அவர்களே, 2015ஆம் ஆண்டு முடிவை நான் அறிந்திருக்கவில்லை. அது என் வாதத்தின் பாதியைத் தளர்த்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். சீட்டுப் பற்றிய மீதிப் பாதியில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். ஒரே இயக்கத்தில் ஒரு சபை சீட்டுக் கேட்டு, பக்கத்துச் சபை வேண்டாம் என்றால், நடுவில் நிற்கும் பெண்ணுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

வடலண்டன்வாசி எழுதியது:

அந்தக் குழப்பம் இணைப்பால் வருவதல்ல, ஐயா. இணைப்புக்கு முன்பும் லிபரல் சபையிலிருந்து சீர்திருத்தச் சபைக்கு மாறும் பெண் அதே கேள்வியை எதிர்கொண்டாள். இப்போது இரு சபைகளின் ரபிகளும் ஒரே அவையில் உட்கார்ந்து அதைப் பேச வேண்டியிருக்கும். அதைக் குறையாக நான் காணவில்லை.

தாமரைக்குளம் எழுதியது:

ரபிகள் என்றதும், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணிப்பில் இந்த இணைப்பின் உண்மையான தொடக்கம் 2023 அல்ல, 1964.

1956இல் ரபி வெர்னர் வான் டெர் சைல் என்பவரின் முயற்சியால் லண்டனில் ஒரு ரபிகள் கல்லூரி தோன்றியது. பெர்லினில் நாஜிகள் மூடிய உயர்கல்விக் கூடத்தின் தொடர்ச்சியாகவே அதை நிறுவினார்கள். பெர்லினின் மாபெரும் ரபியான லியோ பெக், நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமிலிருந்து உயிர் தப்பி லண்டனுக்கு வந்து வாழ்ந்தவர், அந்த ஆண்டு நவம்பரில் மறைந்தார். கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தொடக்கத்தில் அது சீர்திருத்தத் தரப்பின் கல்லூரி. 1964இல் லிபரல் தரப்பும் அதன் பொறுப்பில் பங்கேற்றது. அன்றிலிருந்து இரு தரப்புக்கும் ரபிகளாகப் போகிறவர்கள் ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம், யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத்தின் ஒரே பக்கத்தைப் புரட்டிப் படித்தார்கள். பிரித்தானியாவின் முதல் பெண் ரபி ஜாக்கி டாபிக் 1975இல் பட்டம் பெற்றதும் இங்கேதான். ஒன்றாகப் படித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, பிறகு பட்டம் வாங்கிய மறுநாள் இரு வேறு இயக்கங்களுக்குப் போவது என்பது அறுபது ஆண்டுகள் நடந்தது. ஆசிரியையாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: வகுப்பறையில் சேர்ந்தவர்களை வெளியே பிரித்து வைத்திருப்பது கடினம். கணக்குப் புத்தகமும் காரணமாக இருக்கலாம், கல்மரம். ஆனால் கணக்கு இடித்தபோது கைகோக்க ஆள் இருந்ததற்கு இந்தக் கல்லூரிதான் காரணம்.

நெடுவழி எழுதியது:

அம்மா சொன்னது எனக்குப் புதிய செய்தி. இதை ஒட்டி ஒரு கேள்வி. 'முற்போக்கு யூதம்' என்ற இந்தப் பெயர் இப்போது புதிதாக ஆக்கியதா, முன்பே இருந்ததா?

மறைவாசகன் எழுதியது:

முன்பே இருந்தது. 1926 ஜூலையில் லண்டனில் லில்லி மாண்டேகு கூட்டிய மாநாட்டில் 'முற்போக்கு யூதத்துக்கான உலக ஒன்றியம்' பிறந்தது. மாண்டிபியோர் தலைவர், லில்லி மாண்டேகு செயலாளர். ஜெர்மானியர் தம்மை லிபரல் என்றனர். அமெரிக்கர் சீர்திருத்தம் என்றனர். இங்கிலாந்திலோ இரண்டு பெயர்களும் இருந்தன. ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தந்தது: ஜெர்மன் லிபரல்கள் பழக்கவழக்கத்தில் ஆங்கில லிபரல்களைக் காட்டிலும் மரபுக்கு நெருக்கமானவர்கள். எவர் பெயரையும் எவர்மீதும் திணிக்காமல் எல்லோரையும் ஒரு மேசையில் அமர்த்துவதற்கு உதவிய பொதுச்சொல்தான் 'முற்போக்கு'. இன்று சுமார் 50 நாடுகளில் அதற்கு உறுப்புச் சபைகள் உள்ளன. அமெரிக்காவின் மற்றொரு யூத இயக்கமான மறுகட்டமைப்பு யூதமும் 1990இல் பார்வையாளராக அதில் சேர்ந்தது.

1928இல் அதன் முதல் மாநாடு பெர்லினில் நடந்தபோது, அங்கிருந்த சீர்திருத்தச் சபையின் பிரசங்க மேடையில் லில்லி மாண்டேகு ஏறி, ஜெர்மன் மொழியில் உரையாற்றினார். ஜெர்மனியில் யூத ஆலய மேடையில் ஒரு பெண் பிரசங்கித்தது அதுவே முதல் முறை. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1935இல் ரெஜினா யோனாஸ் அதே ஜெர்மனியில் உலகின் முதல் பெண் ரபியாகப் பட்டம் பெற்றார். 1944இல் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றுவிட்டார்கள்.

கல்மரம் எழுதியது:

உலக ஒன்றியம் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக்கூடாது. மாண்டிபியோர் யூதருக்குத் தனி நாடு கோரிய சீயோனியத்தைக் கடுமையாக எதிர்த்தவர். யூதம் ஒரு மதம், ஓர் இனத்தின் அரசு அல்ல என்பது அவர் நிலைப்பாடு. அவர் தலைமையில் பிறந்த ஒன்றியத்தின் தலைமையகம் லண்டனிலிருந்து நியூயார்க் போய், 1973இல் ஜெருசலேமுக்கே மாறியது. நிறுவனரின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே தலைகீழாக மாறிய அமைப்பில், வேறு எந்த வேறுபாட்டையும் 'பிரிவுக்குக் காரணம்' என்று சொல்வது கடினமாகிறது. இது என் பழைய வாதத்துக்கு எதிரானது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மறைவாசகன் எழுதியது:

மிகச் சரியான கவனிப்பு, ஐயா. நடுவில் ஐரோப்பிய யூதரின் பேரழிவு நிகழ்ந்தது. மாண்டிபியோர் 1938இல் மறைந்தார். அவருக்குப் பின் தலைவரான லியோ பெக் தெரசியன்ஸ்டாட் முகாமுக்குள்ளேயே இருந்து வந்தவர். அதன்பின் அந்தக் கேள்வியை 1926இல் கேட்டதுபோல் எவராலும் கேட்க முடியவில்லை. இன்றைக்கும் இஸ்ரேல் அரசின் செயல்களைப் பற்றி முற்போக்குச் சபைகளுக்குள் ஒருமித்த குரல் இல்லை. அந்த விவாதம் புதிய இயக்கத்துக்குள்ளும் தொடர்கிறது.

தாமரைக்குளம் எழுதியது:

நம் நாட்டோடு இதற்குள்ள தொடர்பையும் பதிவு செய்துவிடுகிறேன். லண்டனில் மருத்துவம் பயிலச் சென்ற ஜெருஷா ஜிராத் என்ற பெனே இஸ்ரேல் பெண், அங்கே லிபரல் வழிபாட்டைக் கண்டு, லில்லி மாண்டேகுவோடு பழகினார். பெனே இஸ்ரேலர் கொங்கண் கடற்கரையில் நூற்றாண்டுகளாக வாழ்ந்து மராத்தி பேசும் யூதர்கள். ஊர் திரும்பிய ஜிராத், 1925இல் பம்பாயில் 'யூத சமய ஒன்றியம்' என்ற லண்டன் பெயரையே வைத்து ஒரு சபையைத் தொடங்கினார். உலக ஒன்றியம் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே அது நடந்தது. மகப்பேற்று மருத்துவராகக் காமா மருத்துவமனையில் தலைமைப் பொறுப்பு வகித்தார். 1966இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தொடங்கிய சபையின் ஆலயம் ரோடெஃப் ஷாலோம் என்ற பெயரில் மும்பையின் பைகுலா பகுதியில் இருக்கிறது. 'சமாதானத்தைத் தேடித் தொடர்பவர்' என்று பொருள்.

வடலண்டன்வாசி எழுதியது:

அம்மா, இந்தச் செய்தியை நேற்று மாலை ஆன்ட்டியிடம் சொன்னேன். பம்பாயில் ஒரு பெண் மருத்துவர் இப்படிச் செய்தார் என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

கல்மரம் ஐயா கேட்டதையும் அவரிடம் கேட்டேன்: வாக்கெடுப்புக்குப் பின் உங்கள் சபையில் என்ன மாறியது என்று. பிரார்த்தனை நூல் அதேதான், சக்கர அலமாரி அதேதான் என்றார். மாற்றம் என்று அவர் சொன்னது ஒன்றைத்தான். இரண்டு தெரு தள்ளியுள்ள சீர்திருத்தச் சபையில் அவருடைய தங்கை நாற்பது ஆண்டுகளாக உறுப்பினர். தங்கையின் கணவர் யூதர் அல்லாததால் மணவிதானத்தின்கீழ் திருமணம் நடக்கவில்லை என்ற வருத்தம் அக்குடும்பத்தில் இன்றும் உண்டு. இந்த ஆண்டுப் பஸ்கா விருந்தை இரு சபைகளும் சேர்ந்து ஒரே கூடத்தில் நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. அவ்விருந்தில் வாசிக்கும் எகிப்து விடுதலைக் கதையை எந்தச் சபையின் நூலிலிருந்து வாசிப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். ஆன்ட்டிக்கும் தங்கைக்கும் அருகருகே இடம் போட்டாகிவிட்டது.